பத்து மீட்டருக்குள் ஒருவர்

"நான் புளூடூத்தை ஆஃப் பண்ணினேனா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

காணாமல் போன சங்கிலி, ஓடிப்போன மாப்பிள்ளை, வேலி தாண்டி நகரும் எல்லைக்கல் என்று எத்தனையோ கேஸ் பார்த்தாயிற்று. தன் விரல் அன்றைக்கு என்ன செய்தது என்று கண்டுபிடிக்கச் சொன்ன முதல் ஆள் அசீனா அக்காதான்.

அவர் எங்கள் ஆபீசுக்கு வரவில்லை. வரவும் முடியாது. கணவர் பிச்சை முகம்மது இறந்துபோய், விதவையின் துக்க நாட்களான இத்தாவில் இருக்கிறார். வீட்டை விட்டு வெளியே போகமாட்டார். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டின் முன்னறையில் சிவபாண்டி அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் திரை. திரைக்கு உள்ளே பாயில் அசீனா அக்காவும் நானும்.

நான் மாரிக்கனி. அண்ணாச்சியின் உதவியாளர். முன்பு ராஜபாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தேன். வாய் ஜாஸ்தி என்று கடைக்காரர் என்னை அனுப்பிவிட்டார். அதே வாய்க்காக அண்ணாச்சி சேர்த்துக்கொண்டார். அவர் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். ஒரு வார்த்தை பேசினால் அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதுபோல் இருப்பார். அவருடைய பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

அன்றைக்கு எனக்கும் பேச்சு வரவில்லை. அசீனா அக்கா நடந்ததைச் சொன்ன விதம் அப்படி. பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அவியளுக்குச் சக்கரை. ஊசி போடுவாவ. சில நேரம் சக்கரை ஒரேயடியா இறங்கிரும். வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, மயங்கிருவாவ. வாயில கொஞ்சம் இனிப்பு வச்சா எந்திரிச்சிருவாவ. அதுக்குத்தான் மகன் ஒரு பட்டை கொண்டுவந்து கையில மாட்டிவிட்டான். மயக்கம் வந்தா பட்டைக்குத் தெரியுமாம். என் போனைக் கூப்பிடும். போன் கத்தும்."

"அன்னைக்குக் கத்தலையா, அக்கா?"

"கத்தலை. நான் போனும் கையுமா மொட்டைமாடியில மல்லி காயப்போட்டுட்டு இருந்தேன். இறங்கி வந்தேன். தூங்குறாவன்னு நெனச்சேன். அசர் தொழுகைக்கு எழுப்பினேன். எந்திரிக்கலை."

மூக்கைத் துளைக்கிற பால்கோவா வாசனை தெருவிலிருந்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் சர்க்கரை இறங்கி ஒரு மனிதர் செத்திருக்கிறார். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"பட்டை செய்ற கம்பெனி முதலாளி துக்கம் கேக்க வந்தாரு. திரைக்கு வெளிய இருந்தே என் போனை வாங்கிப் பார்த்தாரு. 'புளூடூத் ஆஃப்ல இருக்கேம்மா, பட்டை எப்படிக் கூப்பிடும்?'ன்னுட்டாரு. நான் சார்ஜ் போயிரும்னு அடிக்கடி ஆஃப் பண்ணுவேன் புள்ள. பொறவு நெனப்பு வந்து போடுவேன். அன்னைக்கு எப்ப ஆஃப் பண்ணினேன்? முன்னாலயா, எல்லாம் முடிஞ்ச பொறவா? எம்புட்டு யோசிச்சாலும் நெனப்பு வரலை. முன்னாலன்னா நான்தான் கொன்னேன்."

"அக்கா..."

"அழுகையும் வர மாட்டேங்குது. சோறு போட்டா திங்கேன். படுன்னா படுக்கேன். கையைக் கிள்ளிப் பார்த்தா யாரு கையோ மாதிரி இருக்கு."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "பட்டையில விளக்கு உண்டாம்மா?"

"உண்டு. நான் மாடியில இருந்து வந்தப்ப பச்சை எரிஞ்சுச்சு. அதைப் பார்த்துத்தானே நல்லா இருக்காவன்னு எழுப்பாம விட்டேன்."

"காலையில எரிஞ்சுதா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இல்ல. காலையில எரியலை. அவிய கேட்டாவ, 'என்னலே, விளக்கையே காணோம்'னு. 'அது அப்படித்தான் அத்தா'ன்னான் அஃப்சல்."

"அஃப்சல் யாரு?"

"மகன். ஒரே பிள்ளை. ராஜபாளையத்துல அந்தக் கம்பெனியிலதான் வேலை."

"பட்டை இப்ப எங்க?"

"சோதிச்சுப் பார்க்க கம்பெனிக்கு வாங்கிட்டாவளாம். அஃப்சல் சொன்னான்."

அண்ணாச்சி எழுந்துகொண்ட சத்தம் கேட்டது. அவ்வளவுதான் விசாரணை. அக்காவின் போனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

தெருவில் இறங்கியதும் கேட்டேன். "அண்ணாச்சி, போன்ல நோண்டுறதுக்குத்தானே என்னைக் கூட்டிட்டு வந்திய? போனை விட்டுட்டு விளக்கைப் பிடிச்சிட்டிய!"

"போன் ஆஃப்ல இருந்ததை எல்லாரும் பார்த்துட்டாவ. விளக்கை யாரும் பார்க்கலை."

"பார்த்தாவளே! பச்சை. போன்னா பச்சை, நில்லுன்னா சிவப்பு. மம்சாபுரம் விலக்குல நிக்கிற ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்."

"காலையில எரியாத விளக்கு மத்தியானம் எரிஞ்சிருக்கு, மாரி. யாரு ஏத்துனா?"

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறும்வரை எனக்குப் பதில் தெரியவில்லை. இறங்கும்போதும் தெரியவில்லை.

கம்பெனி இருந்தது பேண்டேஜ் துணி குடோனுக்குப் பக்கத்துக் கட்டடத்தில். முதலாளி அழகுராஜா வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டே வரவேற்றார். உள்ளே திரும்பித் தெலுங்கில் டீ சொன்னார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு காணாமல் போனது.

"சார், எனக்கும் மனசு கஷ்டம்தான். நம்ம பையனோட அப்பா. ஆனா பட்டை மேல தப்பு இல்ல." மேஜையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து ஆன் செய்தார். உடனே பச்சை எரிந்தது. "பாருங்க. பச்சைன்னா ஆள் நல்லா இருக்காருன்னு அர்த்தம். மாட்டுன நேரத்துல இருந்து எரிஞ்சிட்டே இருக்கும். அந்தம்மாவே பச்சை எரிஞ்சுதுன்னு சொல்றாங்க. பட்டை உசிரோடதான் இருந்திருக்கு. போன்தான் காதை மூடிக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப ஆள் செத்த பொறவும் 'நல்லா இருக்காரு'ன்னு எரிஞ்சுதா, சார்? ரொம்ப நல்ல மனசு உங்க பட்டைக்கு" என்றேன்.

அழகுராஜா டீயைக் கீழே வைத்தார்.

"காலையில விளக்கே எரியலையாம்" என்றார் அண்ணாச்சி.

"வாய்ப்பே இல்ல, சார். எரியலைன்னா அது எங்க பட்டையே இல்ல."

"சோதிக்க வாங்கிட்டு வந்தியளே, அதைக் காட்டுங்க. பார்த்துருவோம்."

"யாரு வாங்கினா? இங்க வரலியே!"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. பட்டையை வாங்கி ஒளித்துவிட்டு, பழியைப் பெண்பிள்ளை தலையில் போட்டு, டீயும் கொடுக்கிறார் மனுஷன். அண்ணாச்சியோ அவர் மேஜையில் பச்சை எரிந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியாத மாதிரி பட்டை இந்த ஊர்ல யாரு செய்றா?"

அழகுராஜா சலித்துக்கொண்டார். "மாடியில போய்க் கேளுங்க. யுவராணி மேடம்தான் விளக்குக்கெல்லாம் கமிட்டி வச்சு உசிரை வாங்குறாங்க."

மாடி ஹாலில் நாலு கம்பெனிப் பெயர்கள் போட்ட நாலு மேஜைகள். நடுவில் யுவராணி. முடியைத் தூக்கிக் கட்டி, பென்சிலைச் செருகியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் கைப்பட்டை, காதுமெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி செய்கிற நாலு கம்பெனிகளும் சேர்ந்து வைத்த குழுவுக்கு அவர் செயலாளர்.

"எதுக்கு மேடம் குழு?" என்றேன்.

"ஒரு கம்பெனிப் பட்டை அந்தக் கம்பெனி போன் ஆப்கிட்ட மட்டும்தான் பேசும். இன்னொரு கம்பெனிக்காரன் பக்கத்துலயே இருந்தாலும் காது கேக்காது."

"பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி மாதிரி."

"அதேதான். வயசானவங்க வீட்ல ஒருத்தர் காதுமெஷின் ஒரு கம்பெனி, பட்டை இன்னொரு கம்பெனி. எல்லாத்துக்கும் ஒரே பொதுவிதி இருந்தா எந்தப் பட்டையும் எந்தப் போனையும் கூப்பிடலாம். அந்த விதியைத்தான் எழுதிக்கிட்டு இருக்கோம். விளக்கு எப்ப எரியணும்னு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்."

"எப்ப எரியணும்?" என்று கேட்டார் அண்ணாச்சி. அவர் குரலில் ஒரு வேகம் இருந்தது. எனக்கு மட்டும் தெரியும்.

"ஆள் நல்லா இருந்தா விளக்கே வேண்டாம். சார்ஜ் தண்டம். மயக்கம் வந்து பட்டை கூப்பிடும்போது சிவப்பு. போன்ல யாராவது பொத்தானை அமுக்கிப் பதில் சொல்லிட்டா பச்சை."

"பச்சை யாருக்காக?"

"விழுந்து கிடக்கிறவங்களுக்காக. கொஞ்சம் நெனவு இருந்தாலும், யாரோ கேட்டுட்டாங்க, வந்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரியும்ல. பொத்தான்ல என்ன எழுதுறதுன்னும் ஒரு சண்டை. கடைசியில நம்ம ஊர் பேச்சுலயே 'வாரேன்'னு வச்சோம்."

கீழே குடோனில் துணிக்கட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது. பிச்சை முகம்மது அந்தப் பச்சையைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று என் மனசு கேட்டது. கேட்டதே தப்பு என்று இருந்தது.

"ஒரே வீட்ல ரெண்டு போன் இருந்தா?" என்றார் அண்ணாச்சி.

"பக்கத்துல இருக்கிறதை முதல்ல கூப்பிடும். அதுல பதில் வந்துட்டா மத்ததைத் தொந்தரவு பண்ணாது."

"எம்புட்டு தூரம் கேக்கும்?"

"பத்து மீட்டர். சின்ன பேட்டரி சார். அதோட பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வேர்த்தா நம்ம வீட்டுப் போன் கத்தக்கூடாது இல்லையா?"

இப்போது எனக்கும் புரிந்தது. பட்டை கூப்பிட்டிருக்கிறது. பதிலும் கிடைத்திருக்கிறது. மாடியில் இருந்த அசீனா அக்காவின் போன் ஆனில் இருந்ததா, ஆஃபில் இருந்ததா என்ற கேள்வியே கிடையாது. பட்டை அதுவரைக்கும் போகவே இல்லை. பதில் சொன்ன ஆள் பிச்சை முகம்மது படுத்திருந்த அறையிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்றிருக்கிறார். 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறார்.

"இந்த விதி போட்ட பட்டை கடைக்கு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சார். கம்பெனிக்கு ஒரு டெஸ்டர். அவங்க கையில மட்டும்தான் இருக்கு."

"அழகுராஜா கம்பெனிக்கு யாரு?"

யுவராணி பென்சிலால் ஹாலின் கோடியைக் காட்டினார்.

ஒரு நீள மேஜை. அதில் வரிசையாகப் பட்டைகள். முன்னால் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு பட்டை சிவப்பானது. அவன் கையிலிருந்த போன் கத்தியது. கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது. பட்டை பச்சையானது. அடுத்தது. போன் கத்தியது, விரல் அமுக்கியது. பார்வை சுவரை விட்டு அசையவில்லை. தாடி வளர்ந்திருந்தது. கையருகே வைத்திருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

அண்ணாச்சி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். இன்னொரு பட்டை கூப்பிட்டது. விரல் அமுக்கியது.

"அஃப்சல், இப்பக் கூப்பிட்டது எந்தப் பட்டை?"

அவன் திரும்பினான். மேஜையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். எது என்று வரிசையில் விரலால் தேடினான்.

"அன்னைக்கும் பார்க்கலியா?"

அண்ணாச்சி கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டார். அஃப்சல் போனைக் கீழே வைத்தான். பிறகு மேஜை டிராயரை இழுத்து, அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தான். அவிழ்க்காமலே தெரிந்தது, அது என்ன என்று.

"அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாண மண்டபத்துல நாலு கம்பெனிக்கும் சேர்த்து டெஸ்ட்" என்றான். அம்மாவின் அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். "பட்டை வச்ச பை வீட்ல இருந்துச்சு. எடுக்கப் போனேன். பைக்குள்ள இருக்கிறது எல்லாம் டெஸ்டுக்காகக் காலையில இருந்து என் போனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். தினமும் அமுக்குறதுதான். முன்ரூம்ல பையைத் தூக்கும்போது போன் கத்துச்சு. அமுக்கிட்டேன். அத்தா உள்ள படுத்திருந்தாவ. தூங்குறாவன்னு நெனச்சு, சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போனேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அம்மா போன் பண்ணின பொறவு. போன் திரையை மேல தள்ளிப் பார்த்தேன். எல்லா நம்பருக்கும் நடுவுல 'அத்தா'ன்னு ஒரு பேர். நானே டைப் பண்ணி வச்ச பேர்."

எனக்குக் கோபம் வந்தது. "ஏம்லே, உங்கம்மா அங்க உக்காந்து அவிய விரலை அவியளே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்காவ. உனக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

"சொல்லத்தான் போனேன் அக்கா. வாயைத் திறக்கும்போது முதலாளி 'புளூடூத் ஆஃப்'னு சொல்லிட்டாரு. எல்லாரும் அம்மா இருந்த திரைப் பக்கம் பார்த்தாவ. நான் வாயை மூடிட்டேன். மூடினது மூடினதுதான்."

யுவராணி பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மேஜையில் கை ஊன்றிக்கொண்டார். "பார்க்காம அமுக்குற மாதிரி பொத்தான் வச்சது நாங்க" என்றார் மெதுவாக. "யாரு கூப்பிடுறாங்கன்னு பேரைத் தொட்டாத்தான் பதில் போகணும்னு நான் அப்பவே கேட்டேன். வேகம் குறையும்னு தோத்துப்போச்சு. அதைக் குழுவுல திரும்ப வைக்கிறேன்."

அந்த ஹாலில் அவர் ஒருவருக்குத்தான் அடுத்து செய்ய ஒரு வேலை இருந்தது.

அண்ணாச்சி அஃப்சலிடம் கேட்டார். "கேள்வி கேட்டது உங்கம்மா. பதிலை நான் சொல்லவா, நீ சொல்றியா?"

திரும்பிப் போகும் பஸ்ஸில் அஃப்சல் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. குரலைத் தணித்து, "அந்தப் பச்சை யாருக்காகன்னு அந்தம்மாட்ட சொல்லிறாத, ஏட்டி" என்றார். எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினேன்.

வீட்டில் மறுபடியும் அதே ஏற்பாடு. அண்ணாச்சி முன்னறை நாற்காலியில். அசீனா அக்கா பாயில். நான் சுவரோரமாக. அஃப்சல் திரையை விலக்கி உள்ளே வந்தான். உட்காரவில்லை. பட்டையை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, ஹாலில் சொன்னதை அதே வரிசையில் சொன்னான். பை, சத்தம், விரல், கதவு. 'அத்தா' என்று பெயர் வந்த இடத்தில் மட்டும் நின்று, மறுபடி தொடங்கினான்.

அசீனா அக்கா பட்டையைத் தொடவில்லை.

"அப்ப என் போன் ஆன்ல இருந்தாலும்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஆன்ல இருந்தாலும் கத்தியிருக்காதும்மா" என்றது அண்ணாச்சியின் குரல். "உங்க விரலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதிலுக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். அது கிடைத்ததும் ஒரு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம அமுக்கினதுக்கு ஒண்ணும் கேக்கலை. பிள்ளைக்கு வேலையே அதுதான். தெரிஞ்சு ஏன்லே பேசாம இருந்த?"

"நீங்க என்னை வெறுத்துருவியன்னு பயமா இருந்துச்சும்மா."

"வெறுத்துத்தான் இருப்பேன்."

அஃப்சல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முதல் தடவையாக அக்காவின் குரல் உடைந்ததை நான் கேட்டேன். திரைக்கு வெளியே நாற்காலி நகர்ந்தது. அண்ணாச்சி தெருவுக்கு இறங்கிப் போய்விட்டார்.

"வெறுத்திருந்தாலும், இந்த வீட்ல ரெண்டு பேரா இருந்திருப்போம்லே" என்றார் அசீனா அக்கா. "இத்தனை நாளும் என்னைத் தனியா விட்டுட்டியே."